தஞ்சை அரண்மனையின் தடித்த சுவர்கள்

சித்திரை வெயிலில் தஞ்சாவூர் அரண்மனைக்குச் சென்றதுண்டா? முற்றத்தில் உள்ளங்கால் சுடும். வளைவுகள் நிறைந்த மண்டபத்தினுள் நுழைந்தால் உடம்பு குளிரும். காரணத்தைச் சுவரில் தேடவேண்டும்.

இவ்வரண்மனையை 16-ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர்கள் கட்டத் தொடங்கினர். பின்வந்த மராத்திய மன்னர்கள் விரிவாக்கி, 1855 வரை ஆண்டனர். பெரிய கோயிலுக்குக் கருங்கல் தொலைவிலிருந்து வந்தது. அரண்மனையோ பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். செங்கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே அகன்ற இடைவெளிகளுக்கு வளைவுதான் வழி. வளைவில் ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லை நெருக்குகிறது. அந்நெருக்கம் பக்கவாட்டிலும் தள்ளும். அதைத் தாங்கவே கனத்த தூண்களும் சுவர்களும்.

பாரம் தாங்க வந்த கனம் வெயிலையும் தடுத்தது. பகல் வெப்பம் செங்கல்லில் அலைபோல் நுழைகிறது. ஏறத்தாழ 12 செ.மீ. உள்ளே செல்வதற்குள் அதன் ஏற்றத்தாழ்வு மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும், 36 செ.மீ. சென்றால் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுவும் பல மணி நேரம் தாமதித்து, இரவில் வந்துசேரும்!

இந்தக் குளுமைக்குள்தான் இன்று அருங்காட்சியகங்கள் உள்ளன. இரண்டாம் சரபோஜி (1798–1832) பேணி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகம் 1918-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1951-இல் கலைக்கூடம் தோன்றியது. அதன் கதை சுவையானது. கரந்தையில் இருந்த ஒரு பிரம்மா சிலையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக முயற்சி நடந்தது, ஊரார் மறுத்தனர். சிலை தஞ்சையிலேயே தங்கியது. கேட்பாரற்றுக் கிடந்த வேறு சிலைகளும் வந்து சேர்ந்தன.

வெப்பத்தைத் தடுத்த சுவர் ஈரத்தைத் தடுக்குமா? அங்கேதான் சிக்கல். மண்ணின் நீர், செங்கல்லின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விடும். சிமெண்டுப் பூச்சு எளிதில் விடாது. வெளிவர வழியில்லாத நீர் சுவருக்குள் மேலும் உயரும். உப்புகள் பூத்துக் காரை உதிரும். அறையில் ஈரம் மிகுந்தால் ஓலைச்சுவடியில் பூஞ்சை பிடிக்கும். மண்ணில் புதைந்து உப்பேறிய வெண்கலச் சிலைகளிலோ வெளிர்பச்சைத் தூள் கிளம்பி, உலோகத்தையே அரித்துவிடும். நூலகத்தார் ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது பூச்சியை விரட்டவும் ஓலை முறியாதிருக்கவும் உதவும்; சுவரின் ஈரத்திற்கு அது மருந்தல்ல.

இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஒதியம்பட்டில் எங்கள் பாட்டனார் வீட்டுச் சுண்ணாம்புச் சுவருக்கு, ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று நானே சிமெண்டு பூசச் சொன்னேன். பௌதிகம் கற்பிப்பவன் செய்த வேலை! இரண்டு மழைக்காலத்தில் பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழுந்தது. கொத்தனார் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினார். சுவர் இன்னும் முழுதாகக் காயவில்லை.