ட்ரங்க் பெட்டிக்குள் ஒரு வார்கரி

ஆஷாட மாதம் நெருங்கினால் புனே அருகேயுள்ள தேஹு ரோடு கன்டோன்மென்டில் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியிலிருந்து கறுப்பு ட்ரங்க் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்கும். மராத்தி ஞானக்கவி துகாராமின் ஊரான தேஹு அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். அவர் பாதுகைகளைச் சுமந்த பல்லக்கு பண்டரிபுரத்துக்குப் புறப்படும் அந்தப் பருவத்தில், மழலையர் பள்ளிகள் பிள்ளைகளை, அந்தப் பல்லக்கோடு நடக்கும் பக்தரான வார்கரியின் வேடத்தில் அனுப்பச் சொல்லும். பையனுக்கு வெள்ளை வேட்டி, காந்தி குல்லா, துளசி மாலை, கையில் தாளம். பெண்ணுக்கு ஒன்பது கஜ நவ்வாரிப் புடவை, தலையில் சின்னத் துளசி மாடம். ராணுவத் தளவாட டிப்போ வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் என்றால், பெட்டியில் பாரதியார் தலைப்பாகையும் ஒட்டு மீசையும் கண்ணன் கிரீடமும் கூடவே கிடக்கும்.

வேடம் முடிந்து புகைப்படம் எடுத்ததும் எல்லாம் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். பிள்ளையோ அடுத்த நாளும் வார்கரியாகவே இருக்க விரும்புகிறது. அம்மாவின் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு, இரண்டு டம்ளர் மூடிகளைத் தட்டியபடி நடுக்கூடத்தில் நடக்கிறது. வேட உடைகளுக்கென்று குழந்தையின் அளவில் ஒரு மரச்சாமான் தேவைப்படுவது இதற்காகத்தான். வெளிநாட்டில் இதற்கென்றே தனி அலமாரிகள் விற்கிறார்கள். நம் வீட்டில் ஒரு ட்ரங்க் பெட்டியும் தெரு முனைத் தச்சரும் இருந்தால் போதும். ஆனால் எந்த அளவில், எந்த உயரத்தில், எதைக் கழற்றிவிட்டு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

விளையாட்டுக்கு இவ்வளவு ஏற்பாடா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஆய்வைச் சொல்லலாம். 2017-ல் அமெரிக்க உளவியலாளர் ரேச்சல் வைட்டும் சக ஆய்வாளர்களும் நான்கு வயதும் ஆறு வயதுமான 180 குழந்தைகளிடம் வேண்டுமென்றே சலிப்பூட்டும் ஒரு கணினி வேலையைக் கொடுத்தார்கள். பக்கத்திலேயே ஆசை காட்ட ஒரு ஐபேட் விளையாட்டு. சிலரை ‘நான் நன்றாக உழைக்கிறேனா?’ என்று தங்களையே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சிலரைத் தங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இன்னும் சிலரை பேட்மேன், டோரா மாதிரி ஒரு பாத்திரமாகவே மாறி, ‘பேட்மேன் நன்றாக உழைக்கிறானா?’ என்று கேட்கச் சொன்னார்கள். அதிக நேரம் வேலையில் நின்றவர்கள் வேடம் பூண்ட பிள்ளைகள்தான். ஒரு மேலங்கியைப் போட்டதும் பொறுமை எங்கிருந்தோ வந்துவிடுகிறது. வீட்டுப்பாடம் எழுத வைக்க மல்லுக்கட்டும் பெற்றோர் ஒருமுறை முயன்று பார்க்கலாம். பேட்மேனுக்குப் பதில் சிவாஜியின் படையில் இருந்த மாவளா வீரன் போதும்.

இனி பெட்டிக்கு வருவோம். ராணுவக் குடும்பங்களின் ட்ரங்க் பெட்டி எளிமையான, கெட்டிக்காரத்தனமான தயாரிப்பு. முக்கால் மில்லிமீட்டர் அளவிலான இரும்புத் தகட்டை வெட்டி, ஓரங்களை மடித்து, ஆணி அறைந்து இறுக்கிச் செய்கிறார்கள். விளிம்பு மடிப்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. தட்டையாக இருக்கும்போது கையாலேயே வளையும் தகடு, ஓரம் மடிந்ததும் ஆள் ஏறி உட்கார்ந்தாலும் தாங்கும். மேலே கறுப்புப் பெயின்ட், முன்பக்கம் வெள்ளை எழுத்தில் எண், பதவி, பெயர். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும் வீட்டில் இதைவிட நம்பகமான அலமாரி கிடையாது.

அதே குணங்கள் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தடையாகின்றன. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 35 உயரம் என்று வைத்துக்கொண்டால் பெட்டியின் கொள்ளளவு 140 லிட்டரைத் தாண்டுகிறது. மேலே கிடக்கும் இரண்டு துணிகள்தான் குழந்தைக்குத் தெரியும். அடியில் இருப்பது இல்லாத மாதிரிதான். அதைத் தேட மொத்தத்தையும் வெளியே இறைக்க வேண்டும். இறைத்ததும் திட்டு விழும். ‘என் பையன் எதையும் எடுத்து வைக்கமாட்டான்’ என்ற புகாரில் பாதி, பெட்டியின் ஆழத்தைப் பற்றிய புகார்.

அடுத்தது மூடி. அந்த அளவுப் பெட்டியின் மூடி ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். பெரிய எடை இல்லைதான். ஆனால் அது கீலில் சுழன்று விழுகிறது. செங்குத்தாக நிறுத்திய மூடி தானாகச் சாய்ந்தால், 45 செ.மீ. தள்ளியுள்ள அதன் முன் விளிம்பு பெட்டியைத் தொடும்போது விநாடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் இருக்கும். மணிக்கு 13 கிலோமீட்டர். கீலுக்கு அருகில் உள்ள பகுதி மெதுவாகவும் விளிம்பு வேகமாகவும் சுழல்வதால், அதே உயரத்திலிருந்து நேராக விழும் பொருளைவிட இதன் வேகம் கூடுதல். ஒரு கிலோ எடைக்கல்லை 67 செ.மீ. உயரத்திலிருந்து விரல்மேல் போடுவதும் இதுவும் ஒரே அடி. குழந்தை பெட்டிக்குள் தலையை விட்டுத் துழாவும்போது அடி விழும் இடம் விரல் அல்ல, பிடரி.

மூடியில் சங்கிலி போட்டிருக்கிறதே என்பார்கள். சங்கிலி மூடி பின்பக்கம் சாயாமல் பிடிக்கும்; முன்னால் விழுவதைத் தடுக்காது. அமெரிக்கப் பாதுகாப்புத் தரம் பொம்மைப் பெட்டி மூடிக்கு ஒரு நல்ல சோதனை வைத்திருக்கிறது: முழுதாக மூடுவதற்கு 5 செ.மீ. மேலிருந்து 60 பாகை திறப்பு வரை எந்த இடத்தில் கையை விட்டாலும் மூடி 12 மில்லிமீட்டருக்கு மேல் தானாக இறங்கக் கூடாது. விட்ட இடத்தில் நிற்க வேண்டும் என்று அர்த்தம். இதற்காக மூடியைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹைட்ராலிக் கட்டிலுக்கு விற்கும் ஸ்ட்ரட் பல நூறு நியூட்டன் விசை உள்ளது. மெல்லிய தகட்டு மூடியில் அதைப் பொருத்தினால் மூடி எகிறும், தகடும் வளையும். சமையலறை மேல் கதவுகளுக்கு விற்கும் 100 நியூட்டன் அளவுதான் பொருந்தும். என்னைக் கேட்டால் அந்தச் செலவும் வேண்டாம். கீல் ஊசியைத் தட்டி எடுத்து மூடியையே கழற்றிவிடலாம். மூடி இல்லாத பெட்டி யாரையும் அடிக்காது, யாரையும் உள்ளே பூட்டாது.

பூட்டுவது என்று சொன்னது மிகையில்லை. 2021 மார்ச்சில் ராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகள் தானியப் பெட்டிக்குள் இறங்கினார்கள். மூடி விழுந்து கொண்டி மாட்டிக்கொண்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. ஒளிந்துகொள்ளும் வயதில் பெரிய பெட்டி எதுவும் குழந்தைக்கு வீடுதான்.

பொம்மைகளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 9873. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு இது கட்டாயம். குழந்தை உள்ளே நுழையக்கூடிய, 30 லிட்டருக்கு மேல் கொள்ளும் மூடிய பொம்மைக்கு அதன் முதல் பகுதி கேட்பது இது: குறைந்தது 150 மி.மீ. இடைவெளியில் இரண்டு காற்றுத் துளைகள், ஒவ்வொன்றும் 650 சதுர மி.மீ. வட்டமாகப் போட்டால் 29 மி.மீ. விட்டம். கூடவே, உள்ளிருந்து தள்ளினால் சுமார் 5 கிலோ விசைக்குள் மூடி திறக்க வேண்டும். ராணுவப் பெட்டி பொம்மை இல்லை, இந்த விதி அதற்குப் பொருந்தாது. பிள்ளையின் நுரையீரலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. மூடியோடுதான் வைப்பேன் என்பவர்கள் கொண்டியை அறுத்தெடுத்துவிட்டு, சுவரில் ஒட்டி நிற்காத இரண்டு பக்கங்களில் துளை போட்டு, ஓரத்தை அரத்தால் ராவிவிட வேண்டும். துளையின் பிசிறு கத்தி போலக் கிழிக்கும்.

இப்போது, வேட உடைகளை வெளியே தொங்கவிடும் ஸ்டாண்ட். குழந்தையின் உயரத்துக்குச் சாமான் செய்வது என்ற எண்ணத்தை உலகம் பேசவைத்தவர் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோமின் சான் லொரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய பள்ளியிலிருந்து அது பரவியது. 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்கினார். சட்டைப் பொத்தான், வார், நாடா ஆகியவற்றைப் போட்டுக் கழற்றப் பழகும் மரச் சட்டங்கள் அவர் பள்ளியில் உண்டு. வேடிக்கை என்னவென்றால், பாவனை விளையாட்டில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை; நிஜத் தட்டை நிஜமாகக் கழுவட்டும் என்பார். சொப்பு சாமானில் சோறாக்கி வளர்ந்த நமக்கு இதில் அவரோடு ஒத்துப்போக முடியாது. ஆனால் எட்டும் உயரத்தில் வை, திருப்பி வைக்கும் இடத்தைக் காட்டு என்ற பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதுக் குழந்தையின் நடுத்தர உயரம் 95, 96 செ.மீ.; நான்கில் 103; ஐந்தில் 110. துணி தொங்கும் கம்பியை 90 செ.மீ. உயரத்தில் வைத்தால் மூவரும் எம்பாமல் எடுக்கலாம். பெரியவர்கள் குனிய வேண்டியிருக்கும். அது குழந்தையின் ஸ்டாண்ட் என்பதற்கு அதுவே அடையாளம். நான்கு வயதுக்குக் கீழே ஹேங்கரில் மாட்டத் தெரியாது. அவர்களுக்கு மொட்டை முனை மரக் கொக்கிகள், துணியின் கழுத்துக்குப் பின்னால் அகலமான ஒரு வளையம். கிரீடம், குல்லா, தாளம், மீசை எல்லாம் ஆழமில்லாத தட்டுகளில், ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல். தட்டின் முகப்பில் உள்ளே இருக்கும் பொருளின் படத்தை ஒட்டிவிட்டால், படிக்கத் தெரியாத பிள்ளையும் இடம் தவறாமல் வைக்கும்.

கண்ணாடி இல்லாத வேட மூலை பாதி மூலைதான். முழு உருவம் தெரிய ஆளுயரக் கண்ணாடி வேண்டும் என்று நினைத்து அளவுக்கு மீறி வாங்குகிறோம். ஒளி பட்ட கோணத்திலேயே திரும்புவதால், கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவில் கண்ணாடியின் கீழ் விளிம்பு இருந்தாலே பாதம் தெரியும். எவ்வளவு தள்ளி நின்றாலும் கணக்கு மாறாது. 110 செ.மீ. பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டரில். அவனுக்குக் கீழ் விளிம்பு 50 செ.மீ.யில் இருக்கலாம். மூன்று வயதுத் தங்கைக்கு 42 போல வரும். ஆக 40-ல் தொடங்கி 105-ல் முடியும் 65 செ.மீ. துண்டு இருவருக்கும் போதும். கிரீடத்துக்கு இன்னும் ஒரு சாண் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடச் சொல்லுங்கள். பின்னால் பிளைவுட் முழுதாகத் தாங்கவில்லை என்றால் உருவம் நெளிந்து தெரியும்.

ஸ்டாண்டில் பிள்ளைகள் தொங்குவார்கள். தொங்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் எதையும் செய்யக் கூடாது. ஏறினால் முன்னால் கவிழ்ந்து குழந்தைகள் இறந்த காரணத்தால் 2016-ல் ஐகியா நிறுவனம் அமெரிக்காவில் மால்ம் உள்ளிட்ட 2.9 கோடி இழுப்பறைச் சாமான்களைத் திரும்ப அழைத்தது. சொந்த வீடென்றால் எல் வடிவக் கிளாம்பு போட்டுச் சுவரில் திருகிவிடுவதுதான் சரி. அரசுக் குவார்ட்டர்ஸில் சுவரைத் துளைக்க யோசிக்க வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் ‘ஏ’ வடிவக் கால்கள், கம்பிக்கு முன்னும் பின்னும் முப்பது செ.மீ. பரவி நிற்கும்படி. கீழ்ப் பலகையில் மூடி கழற்றிய ட்ரங்க் பெட்டியையே வைத்து எடை ஏற்றலாம். நட்டு போல்ட்டில் கழன்று மடியும்படி தச்சரிடம் சொன்னால் மாற்றல் உத்தரவு வரும் நாளில் ஸ்டாண்ட் பாயோடு சுருண்டுகொள்ளும். திருகின் தலை வெளியே துருத்தக் கூடாது. நவ்வாரி மாட்டிக் கிழியும்.

எத்தனை உடைகளைத் தொங்கவிடுவது? இங்கே டிப்போ ஊழியர்களுக்குப் பழகிய முறையே கைகொடுக்கும்: கிடங்கு ஒன்று, வழங்கும் கவுண்டர் ஒன்று. வெளியே ஆறேழு வேடங்கள், மற்றவை இன்னொரு பெட்டியில், பெரியவர்கள் பொறுப்பில். மாதம் ஒருமுறை மாற்றலாம். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வெளியானது. நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதமாக விளையாடினார்கள். தொங்கும் ஆறேழிலும் கடையில் வாங்கிய சூப்பர் ஹீரோ உடை ஒன்றிரண்டு இருந்தால் போதும். தாத்தாவின் பழைய அங்கவஸ்திரம் ஒரே மாலையில் தலைப்பாகை, தோளில் தூளி, மேலங்கி, ஆறு என்று நான்காகும். ஸ்பைடர்மேன் உடை ஸ்பைடர்மேனாக மட்டுமே இருக்கும்.

கடையில் வாங்கும் பளபள உடைகளில் நெருப்பையும் பார்க்க வேண்டும். ஐஎஸ் 9873-ன் இரண்டாம் பகுதி வேட உடையில் தீ விநாடிக்கு 30 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது என்கிறது. அந்த உச்ச வரம்பில்கூட ஒரு மீட்டர் மேலங்கி அரை நிமிடத்தில் எரிந்துபோகும். ஒட்டு தாடிக்கும் இதே கவலை. தீபாவளி விளக்கு, சமையலறை அடுப்பு இரண்டுக்கும் வேட மூலை எட்டத்தில் இருக்கட்டும். கழுத்தில் நாடா கட்டும் மேலங்கியில் நாடாவை வெட்டிவிட்டு வெல்க்ரோ தைத்துவிடுங்கள். எதிலாவது சிக்கினால் பிய்ந்து வந்துவிடும்.

கடைசியாக அந்துருண்டை. ட்ரங்க் பெட்டி என்றாலே நமக்கு அந்த வாசனைதான். நாப்தலின் உருண்டை மிட்டாய் போல இருப்பதால் பிள்ளைகள் வாயில் போடுவார்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது சிவப்பணுக்களையே உடைத்துவிடும். வேட உடை இருக்கும் பெட்டியில் அது ஒன்றுகூட வேண்டாம். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து போடலாம். மலையடிவாரத்தில் இருக்கும் தேஹு ரோட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரம் விடாது. பெட்டியைத் தரையில் வைத்தால் அடித்தகடு துருப்பிடித்து, வெள்ளை வேட்டியில் பழுப்புக் கறை இறங்கும். நான்கு மூலையிலும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தி, உள்ளே பழைய பருத்திப் புடவை விரித்து, வெயில் தலைகாட்டும் நாளில் எல்லாவற்றையும் ஒருமுறை உதறிக் காயவைக்க வேண்டும். ஜிகினா ஒட்டிய கிரீடம் மட்டும் வெயிலில் வேண்டாம், பசை இளகிவிடும்.