பிளாஷ் விளக்குக்கு வீட்டிலேயே ஒரு தாங்கி

தறியிலிருந்து அறுத்தெடுத்த சேலைக்கு உள்ள அழகு, விற்பனைக்கு அனுப்பும் படத்தில் இல்லாமற்போவதை நம் அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். இக்காலத்தில் வெளியூர் வாடிக்கையாளர் துணியைத் தொடுவதற்கு முன் படத்தைத்தான் பார்க்கிறார். படம் மங்கினால் விலையும் மங்கும். படத்தில் ஒரு நிறமும் பார்சலில் வேறு நிறமுமாக இருப்பின் சரக்கு திரும்பி வரும். இக்குறையைச் சிறு செலவில் பெரிதும் குறைக்கும் வழியொன்றை இங்கே விளக்குகிறோம்.

காமிராவின் தலைமேல் அமர்ந்த பிளாஷ், லென்ஸ் நோக்கும் திசையிலேயே ஒளியை வீசுகிறது. ஆகவே நிழல்கள் இழைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. நிழல் இல்லையேல் மேடுபள்ளம் தெரியாது. கைத்தறித் துணியும் அச்சடித்த காகிதமும் ஒன்றுபோல் தோன்றும். அதே பிளாஷைக் காமிராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் நிறுத்தினால் ஒவ்வோர் இழையும் தன் நிழலைக் காட்டும். நமக்கு அண்மையிலுள்ள சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைக்குப் பேர்போனது. கட்டிச் சாயமேற்றிய சுங்குடியில், முடிச்சு அவிழ்த்த இடத்தில் சிறு மேடு நிற்கும். அச்சுச் சேலையில் அது இராது. அம்மேட்டைப் படத்தில் காட்டுவது பக்க ஒளியே. கைத்திறனுக்கு உரிய விலையைக் கேட்க அதுவே சாட்சி.

விளக்கைத் தனியே நிறுத்தும் முறை புதியதன்று. ஐக்கிய மாகாணத்து வன அதிகாரி சாம்பியன் என்பார், காட்டுப் பாதையில் கம்பி கட்டி, புலியே அதை மிதித்து பிளாஷையும் காமிராவையும் இயக்கச் செய்தார். அவருடைய நூல் 1927-இல் வெளிவந்தது. சென்னையில் வாழ்ந்த இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் (1912–1996) பல பாகங்களை ஒன்றிணைத்துத் தம் காமிராவைத் தாமே அமைத்துக்கொண்டவர். கடையில் கிடைப்பதே கருவி என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

இனி, செய்முறை. காலியான 4 லிட்டர் பெயிண்ட் டப்பாவின் நடுவே ஒன்றரை அடி இரும்புக் குழாயை நிறுத்தி, தூக்குக்குண்டால் நேர்பார்த்து, சுற்றிலும் ஜல்லிக் கலவையை நிரப்ப வேண்டும். ஒரு வாரம் நீர் தெளித்து இறுகவிட்டால் அதுவே அடிப்பாரம். அக்குழாய்க்குள் ஆடாமல் இறங்கக்கூடிய 6 அடி மூங்கிலே கம்பம்.

கம்பத்தின் உச்சியில் ஒரு மரத்துண்டைப் பொருத்தி, அதனோடு இன்னொரு மரத்துண்டை போல்ட்டும் விங் நட்டும் கொண்டு இணைக்கவும். நட்டைத் தளர்த்தி வேண்டிய சாய்வில் நிறுத்தி இறுக்கிக்கொள்ளலாம். பிளாஷுடன் வரும் சிறு பிளாஸ்டிக் பாதத்தின் அடியில் பெரும்பாலும் மரைத்துளை ஒன்று இருக்கும். அதன் அளவு கால் அங்குலம்; அங்குலத்துக்கு 20 மரை. அதே அளவு போல்ட்டைக் கேட்டு வாங்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டு பார்வைக்கு ஒத்திருப்பினும் மரை இடைவெளி வேறு. முறுக்கினால் துளை பாழாகும். மேல் துண்டைத் துளைத்து வெளிவரும் மரை, கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும்.

வெற்று பிளாஷின் ஒளி கடுமையானது. பழைய குடையின் கறுப்புத் துணியை நீக்கி, மெல்லிய வெள்ளைத் துணியைத் தைத்து, பிளாஷுக்கு முன்னே கட்டினால் ஒளி பரந்து மென்மையாகும். பழுத்த துணி ஆகாது. படத்தில் மஞ்சள் ஏறும்.

காமிராவில் ஒன்றும் பிளாஷில் ஒன்றுமாகப் பொருத்தும் கம்பியில்லா ட்ரிக்கர் ஒரு ஜோடி வாங்குவதே இதில் சற்றுப் பெரிய செலவு. கைப்பேசியில் படம் எடுப்போர் பிளாஷுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்கொன்றை இதே தாங்கியில் பொருத்திக்கொள்ளலாம்.

நெசவைக் காட்ட வேண்டின் விளக்கைத் தாழ்த்தி, துணியின்மேல் ஒளி உராய்ந்து செல்லுமாறு வைக்கவும். முழுச் சேலையின் நிறத்தைக் காட்ட வேண்டின் உயர்த்தி, பக்கத்திலிருந்து சாய்வாக வைத்து, எதிர்ப்புறம் வெள்ளை அட்டை ஒன்றை நிறுத்தவும். தொலைவு இருமடங்கானால் ஒளி கால் பங்காகும். 3 அடியில் வைத்ததை 6 அடிக்கு நகர்த்தினால் வேறுபாடு அவ்வளவு. பிளாஷ் ஒளி பகலொளியை ஒத்தது. ஆதலால் அறையின் குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டும் கலந்தால் நிறம் திரியும்.

விவசாய அங்கத்தினருக்கும் இது உதவும். வாழையிலையின் புள்ளியையும் காயின் தோல்வடுவையும் பக்க ஒளியில் எடுத்து அனுப்பினால், வேளாண்மை அலுவலர் நோயை அறிவது எளிதாகும்.

எச்சரிக்கை இரண்டு. பிளாஷைத் திறந்து பழுதுபார்க்க முயலவேண்டாம். உள்ளேயுள்ள மின்தேக்கி சுமார் 300 வோல்ட்டு மின்சாரத்தைத் தாங்கியிருக்கும். பாட்டரியைக் கழற்றிய பின்னும் தாக்கும். அடுத்து, குடை காற்றைப் பிடிக்கும். வெளியில் நிறுத்தும்போது டப்பாவின்மேல் மணல்மூட்டை வைத்தே ஆகவேண்டும்.

வீட்டுக்கொரு தாங்கி வேண்டுவதில்லை. சங்கத்துக்கு ஒன்று போதும். சித்தையன்கோட்டை போன்ற ஊரில் தச்சரும் மூங்கிலும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளனர். சங்க அலுவலகத்தில் ஒரு மூலையை ஒதுக்கி, முறைவைத்து அங்கத்தினர் சரக்கைப் படமெடுக்க ஏற்பாடு செய்தால், ஒருவர் செலவு பலருக்கும் பயன்தரும். கூட்டுறவின் பொருளும் அதுவேயன்றோ!