மத்திய கிழக்கில் மதப்பிரிவு அரசியல்

மத்திய கிழக்கில் மதப்பிரிவு அரசியல் என்பது சுன்னி, சியா ஆகிய இசுலாமியப் பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாட்டை அரசுகளும் ஆயுதக் குழுக்களும் தமது அதிகாரப் போட்டிக்குக் கருவியாகப் பயன்படுத்துவதைக் குறிக்கும். 1979 ஆம் ஆண்டின் ஈரானியப் புரட்சிக்குப் பின் ஈரானுக்கும் சவூதி அரேபியாவுக்கும் இடையே வளர்ந்த போட்டி இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும். இதனை 1400 ஆண்டுப் பகை என்று ஊடகங்கள் அடிக்கடி விவரிப்பதுண்டு. ஆனால் அவ்விளக்கம் நடந்த நிகழ்வுகளுடன் பெரிதும் பொருந்துவதில்லை.

பின்னணி

632 இல் முகம்மது நபி மறைந்தபின் முசுலிம்களின் தலைமை யாருக்கு உரியது என்பது பற்றி எழுந்த கருத்து வேறுபாடே இப்பிரிவுகளின் மூலமாகும். எனினும் ஈரான் தொடக்கம் முதலே சியா நாடாக இருக்கவில்லை. 1501 இல் தப்ரீசில் முடிசூடிய சபாவிய மன்னர் முதலாம் இசுமாயில் சியா நெறியை அரச சமயமாக அறிவித்தபோது, அங்கு வாழ்ந்த மக்களுள் பெரும்பாலோர் சுன்னிகளாகவே இருந்தனர். மேற்கே இருந்த சுன்னி உதுமானியப் பேரரசிலிருந்து தம் அரசை வேறுபடுத்திக் காட்ட அவருக்கு இது உதவியது.

1979க்கு முன்னும் பின்னும்

1962 இல் வட ஏமனில் மன்னராட்சி கவிழ்க்கப்பட்டது. பதவியிழந்த இமாம் சியாக்களின் ஒரு கிளையான சைதி பிரிவைச் சேர்ந்தவர். அவருக்குப் பணமும் ஆயுதமும் அளித்த நாடு சவூதி அரேபியா. புதிய குடியரசைக் காக்கப் படை அனுப்பியது சுன்னி நாடான எகிப்து. 2015 இல் அதே சைதி மக்களிடையே தோன்றிய ஊத்தி இயக்கத்தின் மீது சவூதி அரேபியா வான் தாக்குதல் தொடங்கியது. முன்னர் அதன் அச்சம் நாசரைப் பற்றியது, பின்னர் ஈரானைப் பற்றியது.

ஈரானில் ஷாவின் ஆட்சி நிலவியவரை அந்நாடும் சவூதி அரேபியாவும் ஐக்கிய அமெரிக்காவின் நட்பு நாடுகளாகவே இருந்தன. மன்னராட்சியே இசுலாத்துக்கு ஒவ்வாதது என்ற கொமெய்னியின் கொள்கை, சமயத்தின் பெயரால் ஆண்ட சவூதி அரச குடும்பத்துக்கு நேரடி அறைகூவலாயிற்று. அப்புரட்சியைச் சியாக்களின் புரட்சி மட்டுமே என்று காட்டுவது சுன்னி மக்களிடையே அதன் ஈர்ப்பைக் குறைக்க உதவியது. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான்–ஈராக் போரில் ஈராக்கியப் படைவீரருள் பெரும் பகுதியினர் சியாக்கள் என்பது இங்கு கருதத்தக்கது. அவர்கள் தம் நாட்டுக்காகவே போரிட்டனர்.

செயற்படும் முறை

இவ்வுத்தி பெரும்பாலும் ஆட்சி வலுக்குன்றும் நேரத்தில் கையாளப்படுகின்றது. 2011 பெப்ரவரியில் பகுரைனில் அரசியல் சீர்திருத்தம் கோரிப் போராட்டம் எழுந்தபோது, சுன்னி, சியா என்ற வேறுபாடு தமக்கில்லை என்பதே போராடியவர்களின் முழக்கமாக இருந்தது. சுன்னி அரச குடும்பமோ அதனை ஈரானின் தூண்டுதல் என்றது. மார்ச்சில் சவூதிப் படைகள் பகுரைனுக்குள் வந்தன. இத்தகைய குற்றச்சாட்டு மறுதரப்புப் பொதுமக்களை அச்சுறுத்தி அரசின் பக்கம் ஒதுங்கச் செய்கின்றது. தனித்து விடப்படும் தரப்பினருள் சிலர் வெளியே காவலரைத் தேடுகின்றனர். தொடக்கத்தில் ஆதாரமற்றதாக இருந்த குற்றச்சாட்டுக்கு அப்போது ஆதாரம் கிடைத்துவிடுகின்றது.

சிரியாவில் ஈரான் இதே கருவியைத் தன் பங்குக்குக் கையாண்டது. அசாத் அரசைக் காக்க வந்த லெபனானிய, ஆப்கானிய, பாக்கித்தானிய சியாப் போராளிகளிடம், தமாசுக்கசுக்கு அருகிலுள்ள செய்யிதா சைனப் அடக்கத்தலத்தைப் பாதுகாக்கும் போர் என்று அது கூறப்பட்டது.

ஈராக்

இதன் விளைவை மிகக் கொடுமையாக அனுபவித்த நகரம் பகுதாது. அங்கு சுன்னிகளும் சியாக்களும் ஒரே தெருவில் வாழ்வதும் மணவுறவு கொள்வதும் இயல்பாக இருந்தன. 2003 படையெடுப்புக்குப் பின் அரசுப் பதவிகள் மதப்பிரிவு, இன அடிப்படையில் பங்கிடப்பட்டன. அல்-கைதாவைச் சேர்ந்த சர்காவி, சியாக்களைத் தாக்கி அவர்களைப் பழிவாங்கத் தூண்டினால் சுன்னிகள் தம் பின்னால் திரள்வர் என வெளிப்படையாகவே திட்டமிட்டார். 2006 பெப்ரவரி 22 இல் சாமர்ராவின் அல்-அசுகரி அடக்கத்தலம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டபின் அத்திட்டம் பலித்தது. உமர் என்ற பெயர் அடையாள அட்டையில் இருந்தாலே சியா ஆயுதக்குழுவினரின் சோதனைச் சாவடியில் உயிர் போகும் நிலை ஏற்பட்டது. பலர் இரு பிரிவுக்கும் ஏற்ற போலி அட்டைகளை வைத்துக்கொண்டனர். கலந்து வாழ்ந்த குடியிருப்புகள் பல ஒரே பிரிவினருக்கு உரியனவாயின. 2007 இல் அவற்றுக்கிடையே அமெரிக்கப் படையினர் காங்கிரீட்டு மதில்களை எழுப்பினர்.

பொருந்தாத கூட்டணிகள்

சியாக்கள் பெரும்பான்மையாக உள்ள அசர்பைசானைவிடக் கிறித்தவ ஆர்மீனியாவுடனேயே ஈரான் நெருக்கம் காட்டி வந்துள்ளது. பாலத்தீனத்தின் அமாசு இயக்கம் சுன்னி இயக்கமாயினும் ஈரானின் உதவியைப் பெற்றது. 2017 சூனில் சவூதி அரேபியா எல்லைகளை மூடித் தனிமைப்படுத்திய கத்தார், அதனைப் போலவே வகாபியப் போக்குடைய சுன்னி அரசாகும். அப்போது கத்தாருக்குத் தன் வான்வழியைத் திறந்துவிட்டது ஈரான்.

பின்னைய நிகழ்வுகள்

2016 சனவரியில் சியா மதகுரு நிமிர் அல்-நிமிருக்குச் சவூதி அரேபியா மரணதண்டனை நிறைவேற்றியதும், தெகுரானில் சவூதித் தூதரகம் தாக்கப்பட்டதும் இரு நாட்டு உறவை முறித்தன. 2023 மார்ச் 10 இல் சீனாவின் முன்னிலையில், பெய்சிங்கில், உறவை மீண்டும் தொடங்க இரு அரசுகளும் உடன்பட்டன. சமயக் கோட்பாடு பற்றிய எந்தத் தீர்வும் அவ்வுடன்பாட்டுக்குத் தேவைப்படவில்லை.