மைதானம் இழந்தவர்களின் கதை
ஓர் ஆங்கில உதைபந்தாட்ட இரசிகரின் விளையாட்டும் காலநிலையும் அரசியலும்

ஆங்கிலேயர் ஒருவரோடு பழகுவதற்கு மூன்று வாயில்கள் உள்ளன. முதலாவது காலநிலை, இரண்டாவது உதைபந்தாட்டம், மூன்றாவது அரசியல். முதல் வாயில் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கும் எவருக்கும் திறந்திருக்கும். இரண்டாவது, சில மாதங்கள் முகம் பார்த்துப் பழகிய பின்னர் திறக்கும். மூன்றாவது வாயிலைப் பலர் திறப்பதில்லை. திறந்தால், உள்ளே இருப்பது சிலவேளை எம்மைப் பற்றியதாகவே இருக்கும்.

தென் இலண்டனில் எமது தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற பேருந்துச் சாரதி ஒருவரின் வழியாகவே இம்மூன்று வாயில்களையும் நான் கண்டேன். அவரது பெயர் இங்கு வேண்டியதில்லை. அவர் சிறுபராயம் முதல் விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் இரசிகர். விம்பிள்டன் என்றதும் எம்மவருக்கு நினைவில் வருவன டென்னிஸ் போட்டியும் கணபதி ஆலயமுமே. அதே ஊரில் ஒரு கழகம் தன் மைதானத்தை இழந்து, பெயரையும் பறிகொடுத்து, மீண்டும் அவ்வூருக்கே திரும்பிய வரலாறு எம்மிற் பலருக்குத் தெரியாது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

வானத்தைப் பார்க்கும் மனிதர்

அவர் காலையில் எழுந்ததும் பார்ப்பது வானத்தை. மழையைப் பற்றி அவருக்கு முறைப்பாடு இல்லை. மழையில் பந்து வழுக்கும், ஆட்டம் விறுவிறுப்படையும் என்பது அவரது கருத்து. அவர் வெறுப்பது உறைபனியை. நிலம் கல்லாக இறுகினால் ஆட்டம் ஒத்திவைக்கப்படும். அந்தச் சனிக்கிழமை வீணாகும்.

சனிக்கிழமை என்பது அவர்களுக்கு வெறும் விடுமுறை நாளன்று. 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் வேலை செய்யலாகாது என விதித்தது. காலப்போக்கில் அந்த அரைநாள் ஓய்வு ஏனைய தொழிலாளருக்கும் பரவியது. வேலை முடிந்து வந்தவர்கள் ஆட்டம் பார்க்கப் பிற்பகல் மூன்று மணி வசதியாயிற்று. இன்றும் ஆங்கிலேய லீக் ஆட்டங்கள் பல சனிக்கிழமை மூன்று மணிக்கே தொடங்குகின்றன. ஒரு தொழிலாளர் சட்டமே ஒரு நாட்டின் பொழுதுபோக்குக்கு நேரம் குறித்துக் கொடுத்தது எனலாம்.

1963ஆம் ஆண்டின் கடுங்குளிரைப் பற்றித் தம் தந்தையார் கூறியவற்றை அவர் இன்றும் சொல்வார். அவ்வாண்டு எவ். ஏ. கிண்ணத்தின் மூன்றாஞ் சுற்று ஒன்றை மட்டும் ஆடி முடிக்க 66 நாட்கள் சென்றன. ஆட்டங்கள் நடவாமையால், முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டுவோருக்கு விடை கூறுவதற்கென ஒரு குழு அமர்த்தப்பட்டது. ஆடாத ஆட்டங்களுக்கு அக்குழு முடிவு கூறியது! வானிலையை இவர்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றனர் என்று வியப்போர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

இப்போது அவரது கவலை பனியன்று, வெள்ளம். 2024 செப்ரெம்பரில் பெய்த பெருமழையால் வாண்டில் ஆறு கரைபுரண்டது. விம்பிள்டன் கழகத்தின் ஆடுகளத்தில் நிலம் உள்வாங்கிப் பெருங்குழி விழுந்தது. நியூகாசில் அணியுடன் அங்கு நடக்கவிருந்த ஆட்டத்தை நியூகாசில் நகருக்கே மாற்ற வேண்டியதாயிற்று. காலநிலை மாறுகின்றது என்று அறிஞர்கள் கூறியபோது அரைமனதுடன் கேட்டிருந்த அவர், அந்தக் குழியைக் கண்ட பின்னர் அதனை மறுத்துப் பேசுவதில்லை.

ஆட்டமும் அகற்றலும்

1889இல் தொடங்கப்பட்ட விம்பிள்டன் கழகம் நெடுங்காலம் சிறிய கழகமாகவே இருந்தது. 1977இல் உதைபந்தாட்ட லீக்கிற் சேர்ந்து, ஒன்பதே ஆண்டுகளில், 1986இல், முதற்பிரிவை எட்டியது. 1988 மே 14ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் அவ்வாண்டின் லீக் வெற்றியாளரான லிவர்பூலை 1–0 எனத் தோற்கடித்து எவ். ஏ. கிண்ணத்தை வென்றது. லோரி சாஞ்செஸ் தலையால் முட்டிக் கோல் போட்டார். லிவர்பூலின் தண்ட உதையைப் பந்துக் காப்பாளர் டேவ் பீசன்ற் தடுத்தார். அதைச் சொல்லும்போது எமது அயலவரின் குரல் இப்போதும் தழுதழுக்கும்.

அதற்கு மறுஆண்டு, 1989 ஏப்ரல் 15ஆம் நாள், ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலிற் சிக்கி லிவர்பூல் இரசிகர்கள் உயிரிழந்தனர். அந்த அனர்த்தத்தால் மாண்டோர் மொத்தம் 97 பேர். 1990இல் வெளிவந்த ரெயிலர் நீதியரசரின் அறிக்கை, பெரிய மைதானங்களில் நின்று பார்க்கும் முறையை ஒழித்து அனைவருக்கும் இருக்கைகள் அமைக்க வேண்டுமென்றது. விம்பிள்டனின் பிளவ் லேன் மைதானம் பழையது, சிறியது. அதனை மாற்றியமைப்பதற்குப் பதிலாக 1991இல் கழகம் அங்கிருந்து வெளியேறி, வேறொரு கழகத்தின் செல்ஹேர்ஸ்ற் பார்க் மைதானத்தில் ஒண்டுக்குடியிருந்தது. தற்காலிகம் என்றே சொல்லப்பட்டது. தற்காலிகம் என்ற சொல்லின் நீளத்தை நாம் அறிவோம்.

2002 மே 28ஆம் நாள், உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூவர் குழு, கழகத்தை 50 மைல்களுக்கும் அப்பாலுள்ள மில்ரன் கீன்ஸ் நகருக்குக் கொண்டு செல்ல அனுமதி வழங்கியது. இரசிகர்கள் தாமே புதிய கழகம் அமைப்பது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்றும் அக்குழு குறிப்பிட்டது. ஊரவரைக் கேளாமல் ஊரின் பெயரை எடுத்துச் செல்லும் தீர்ப்பு அது.

இரசிகர்கள் சோர்ந்து வீட்டில் இருக்கவில்லை. சில வாரங்களுள் ஏ. எவ். சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை அமைத்தனர். விம்பிள்டன் கொமன் என்னும் பொதுப் புல்வெளியில் வீரர் தெரிவு நடந்தது. 200க்கும் மேற்பட்டோர் வந்தனர். முதலாவது நட்புறவு ஆட்டத்தைக் காண 4,500க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அந்த ஆட்டத்தில் 0–4 என்று தோற்றார்கள். “தோல்வி எங்களுக்குப் பொருட்டாயிருக்கவில்லை. பார்ப்பதற்கு எங்களுடையது என்று ஓர் அணி இருந்ததே!” என்பார் அயலவர்.

மிகக் கீழான லீக் ஒன்றிலிருந்து தொடங்கிய அவ்வணி ஒன்பது பருவங்களில் ஐந்து தடவை தரமுயர்ந்து, 2011இல் மீண்டும் உதைபந்தாட்ட லீக்கிற் சேர்ந்தது. கழகம் இரசிகர்களுக்கே சொந்தம்; அங்கத்தவர் ஒருவருக்கு ஒரு வாக்கு. புதிய மைதானம் கட்டப் பணம் போதாதிருந்தபோது, 2020இல் இரசிகர்களும் ஊரவரும் 50 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொகையைக் கடனாகக் கொடுத்தனர். சீட்டுப் பிடித்துக் கடை திறந்த எம்மவருக்கு இந்த முறை புதிதன்று.

2020 நவம்பர் 3ஆம் நாள், 29 ஆண்டுகளின் பின்னர், கழகம் பிளவ் லேனுக்குத் திரும்பியது. பழைய மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. புதியது அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அமைந்தது. கொரோனாக் கட்டுப்பாடு காரணமாக அன்று மைதானத்தினுள் இரசிகர் ஒருவருக்கும் அனுமதியில்லை. எமது அயலவர் தமது வீட்டுக் கூடத்தில், நீலமும் மஞ்சளும் கலந்த கழுத்துத் துண்டை அணிந்துகொண்டு, தொலைக்காட்சியின் முன் எழுந்து நின்று பார்த்தார்.

வாக்கும் மைதானமும்

அவருக்கு எந்தக் கட்சியிலும் பற்றில்லை. ஆயினும் அரசியலை அவர் மைதானத்தின் வழியாகவே கற்றார். ஹில்ஸ்பரோ அனர்த்தத்துக்கு இரசிகர்களே காரணம் என்று பொலிசாரும் பத்திரிகைகள் சிலவும் பழி சுமத்தின. மாண்டோரின் குடும்பங்கள் விடவில்லை. 2012இல் சுயாதீனக் குழுவொன்றின் அறிக்கை உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. 2016இல் மரண விசாரணை யூரிமார், அம்மரணங்கள் சட்டவிரோதமாக நிகழ்ந்தவை என்றும், இரசிகர்கள் மீது குற்றமில்லை என்றும் தீர்ப்பளித்தனர். இருபத்தேழு ஆண்டுகள்! நிழற்படங்களைக் கையிலேந்தி நீதிக்காகக் காத்திருக்கும் குடும்பங்களின் நிலையை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர் அடிக்கடி எடுத்துக்காட்டும் இன்னொரு நிகழ்வு சாள்ற்ரன் கழகத்தினுடையது. 1985இல் தமது ‘வலி’ மைதானத்தை விட்டகன்ற அக்கழகம் அங்கு திரும்புவதற்குக் கிரினிச் நகரசபை அனுமதி மறுத்தது. இரசிகர்கள் ‘வலிக் கட்சி’ என்றொரு கட்சியை அமைத்து 1990ஆம் ஆண்டு நகரசபைத் தேர்தலிற் போட்டியிட்டனர். ஆசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. 14,000க்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. பின்னர் அனுமதி வந்தது. 1992 டிசெம்பரில் கழகம் வீடு திரும்பியது. நகரசபைத் தேர்தலில் வாக்களிக்காமல் இருந்துவிடும் எம்மவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

2025இல் நிறைவேற்றப்பட்ட உதைபந்தாட்ட ஆட்சிச் சட்டத்தின் கீழ் சுயாதீன ஒழுங்குமுறை அமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டுள்ளது. இனி ஒரு கழகம் தன் விருப்பப்படி மைதானத்தை மாற்றிவிட முடியாது. அவ்வமைப்பின் ஒப்புதல் வேண்டும். தமது வாழ்நாளில் இயற்றப்பட்ட சட்டங்களுள் தமக்காக இயற்றப்பட்டது இது ஒன்றே என்பது எமது அயலவரின் துணிபு.

“உங்களைச் சொல்லவில்லை”

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டுமென அவர் வாக்களித்தார். அகதிகள் அதிகமாகிவிட்டனர் என்று அவர் சொல்வதுண்டு. சொன்னவுடன் என் முகத்தைப் பார்த்து, “உங்களைச் சொல்லவில்லை” என்பார்.

இந்த வாசகத்தைக் கேளாத அகதி இந்நாட்டில் இல்லை. கேட்டதும் சிலர் சினப்பர். சிலர் தாம் விலக்கப்பட்டதையெண்ணி உள்ளூர மகிழ்வர். இரண்டும் பயன் தருவன அல்ல. நான் அவருக்கு அவரது கழகத்தின் கதையையே திருப்பிச் சொன்னேன். 2002இல் மைதானமின்றி நின்ற உங்களுக்கு கிங்ஸ்ரோனியன் கழகம் இருந்த கிங்ஸ்மெடோ மைதானத்தில் இடம் கிடைத்தது. பின்னர் உங்கள் கழகம் அந்த மைதானத்தைச் செல்சிக் கழகத்துக்கு விற்றது. 2017இல் கிங்ஸ்ரோனியன் தனக்கென மைதானமின்றி வெளியேறியது. இடமிழந்தவரால் இன்னொருவர் இடமிழந்தார். அதற்காக நீங்கள் அன்று அங்கு வந்திருக்கக் கூடாது என்று எவராவது சொன்னால் ஏற்பீர்களா?

அவர் நெடுநேரம் பேசவில்லை. கிங்ஸ்ரோனியன் விடயம் தம்மை உறுத்துகின்றது என்று பிறகு சொன்னார். அகதிகள் பற்றிய தமது கருத்தை மாற்றிக்கொண்டதாக அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு, “உங்களைச் சொல்லவில்லை” என்ற சொற்களை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

நியாயமாக இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, இவரைப் போன்ற விம்பிள்டன் இரசிகர்கள் சேர்ந்து உணவு சேகரித்து, இடர்ப்பட்ட குடும்பங்களின் வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். பிள்ளைகள் வீட்டிலிருந்து படிப்பதற்குக் கணினிகளும் சேகரித்துக் கொடுத்தனர். பொதியைப் பெறுபவர் எந்த நாட்டவர் என்று எமது அயலவர் கேட்டதில்லை. வாயாற் சொல்வது ஒன்று, கையாற் செய்வது ஒன்று என்றிருப்போர் எல்லா இனத்திலும் உண்டு. செயல் சொல்லைவிட நல்லதாயிருக்கும் மனிதரைக் கைவிடலாகாது.

எமது வீட்டுப் பிள்ளைகள்

ஒரு மைதானத்தின் இழப்பையும் ஓர் ஊரின் இழப்பையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. பிளவ் லேனை இழந்தவர்கள் மாலையில் தத்தம் வீடுகளுக்குத் திரும்பினார்கள். எமக்கு அந்த வீடும் இல்லாமற் போயிற்று. எனினும், தமது இடம் எதுவென்பதை மறவாமல், பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, சிறுகச் சிறுகக் கட்டியெழுப்பியவர்களிடம் நாம் கற்க இடமுண்டு. 1991இல் பிறந்திராத இளைஞர்கள் பலர் 2020இல் அந்தத் திரும்புதலைக் கொண்டாடினர். பார்த்திராத மைதானத்தின்மீது அவர்களுக்குப் பற்றை ஊட்டியது பெற்றோரின் பேச்சேயன்றி வேறில்லை.

எமது பிள்ளைகள் ஆர்செனல் என்றும் லிவர்பூல் என்றும் பேசும்போது, இவர்கள் எம்மை விட்டு அகல்கின்றனரே என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் இளவாலையிலும் உதைபந்தாட்டத்துக்காக ஊரே திரண்டதைக் கண்ட தலைமுறைக்கு இந்த அச்சம் பொருந்தாது. சனிக்கிழமை மாலை பிள்ளையை அருகில் இருத்தி, அன்றைய ஆட்டத்தின் கதையைத் தமிழிற் சொல்லும்படி கேளுங்கள். சொல் தெரியாத இடத்தில் தண்ட உதை, பந்துக் காப்பாளர், நடுவர் என்று எடுத்துக் கொடுங்கள். அவன் முடித்த பின்னர், உங்கள் ஊர் மைதானத்தின் கதையை நீங்கள் சொல்லுங்கள்.