பத்தா, ஒன்பதா? தவில் முடிய முதல் ஒரு தீர்மானம்

மேடையில் தவில் தனி தொடங்கிவிட்டது. இனி அரை மணித்தியாலத்துக்குச் சனம் அசையாது. கச்சான் விற்கிற அம்மாகூட சுருளைச் சுற்றாமல் வாய் பார்த்துக்கொண்டு நிற்கிறா. நான் எங்கே நிற்கிறேன் தெரியுமோ? மேடைக்குப் பின்னால், ஜெனரேற்றர் புகைக்குள், ரோர்ச் பிடித்துக்கொண்டு! எதிரே பிளாஸ்ரிக் கதிரையில் என் பெறாமகன். மடியில் துவாய், துவாயில் கிற்றார், வாயில் ஒரு கம்பி.

“சித்தப்பா, லைற்றை ஆட்டாதேங்கோ. ஓட்டை தெரியேல்லை.”

அடுத்து ஏறப்போவது இவர்களுடைய இசைக்குழு. லீட் கிற்றார் இவன். கம்பியை நேற்றே மாற்றியிருக்க வேண்டும், மாற்றவில்லை. பழைய கம்பியில் துவாயை ஒரு இழுவை இழுத்துக் காட்டினான். வெள்ளைத் துவாயில் கறுப்புக் கோடு, நடுவே துருவின் செம்மஞ்சள்.

“எந்தக் கொம்பனிக் கம்பி தம்பி நல்லது?” என்றேன்.

“பத்து” என்றான்.

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு என்பார்கள். வட்டுக்கோட்டைக்குள்ளேயே நின்று அந்த மறுமொழி வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். ஆனால் போகப் போகத்தான் விளங்கியது, அவன் சொன்னதுதான் சரியான வழி. கிற்றார்காரன் முதலில் பார்ப்பது கொம்பனியை அல்ல, இலக்கத்தை.

இந்த ஊரின் பெயரைச் சொன்னால் உலகத்துக்கு ஞாபகம் வருவது 1976ஆம் ஆண்டுத் தனிநாட்டுத் தீர்மானம். இன்றைக்கு இந்தத் தகரத்துக்குப் பின்னால் எடுபடுகிற தீர்மானம் பத்தா, ஒன்பதா என்பது. பத்து என்றால் ஆகச் சின்னக் கம்பியின் தடிப்பு ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10 பங்கு, அதாவது கால் மில்லிமீற்றர். அங்கிருந்து 13, 17, 26, 36 என்று ஏறி 46இல் முடியும். ஒன்பது செட் 9இல் தொடங்கி 42இல் முடியும். வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் அந்த மயிரிழை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

ஸ்ரற்றோகாஸ்ரர் வகைக் கிற்றாரில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம். அதில் பத்து செட்டைப் போட்டு வழமையான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை ஏறக்குறைய 47 கிலோ. ஒரு சீமெந்துப் பைக்கு மூன்று கிலோதான் குறைவு! அந்த ஒல்லிக் கழுத்தில் ஒரு சீமெந்துப் பை தொங்குகிறது என்று நினைத்துப் பார்த்தேன், ரோர்ச் ஆடிவிட்டது. ஒன்பது செட் என்றால் 39 கிலோவுக்குக் கொஞ்சம் உள்ளே.

“அப்ப ஒன்பதைப் போடன், கைக்குச் சுகமெல்லோ?”

“சுகம்தான். ஆனா நான் வேகத்திலை அடிக்க சுருதி ஏறி நிக்கும் சித்தப்பா. இன்னொண்டு, உங்கை கேளுங்கோ…”

மேடைப் பக்கம் கையைக் காட்டினான். தனி முடிந்து நாதஸ்வரம் திரும்பவும் எடுத்திருந்தது. ஒரு சுரத்தில் நின்று அடுத்ததைத் தொட்டுத் தொட்டு விட்டு, தொடாததுபோல் இறங்குகிறது. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் தட்சணாமூர்த்தியின் தவிலையும் கேட்டு வளர்ந்த மண் இது. அந்தக் காதுகளுக்கு முன்னால் கிற்றாரோடு ஏறுகிறவன் சுரத்தை ‘டங்’ என்று வைத்துவிட்டுப் போக முடியாது, வளைக்க வேண்டும். கிற்றாரில் கமகம் என்றால் கட்டைக்கு மேல் கம்பியை விரலால் தள்ளி இழுப்பது. கம்பி மெலிந்தால் வளையும், ஆனால் சத்தம் மெலியும். தடித்தால் சத்தம் நிறையும், விரல் கிழியும். நடுவில் எங்கேயோ இருக்கிறது நாதஸ்வரம்.

அந்த நடுவைப் பிடிக்க இவன் செய்கிற கள்ளத்தைக் கேளுங்கள்! பத்து செட்டைப் போட்டுவிட்டு எல்லாக் கம்பியையும் அரைச் சுரம் இறக்கிவிடுகிறான். இழுவை நூற்றுக்குப் பதினொன்று குறையும். 47 கிலோ 42 ஆகும். ஒன்பதின் சுகமும் பத்தின் சதையும் ஒரே கம்பியில். பாடுகிற அண்ணைக்கும் உச்சத்தில் தொண்டை தப்பும். கீபோட்காரப் பொடியன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். அவனுக்கு அரைச் சுரம் இறக்க ஒரு பொத்தான் போதும். அவனோடு கிற்றார்காரர் கதைக்கிறதில்லை.

இந்த மெலிந்த கம்பியே ஒரு கடைக்காரரின் பிடிவாதத்தில் பிறந்தது. கலிபோர்னியாவில் கிற்றார் கடை வைத்திருந்த எர்னி போல், பழக வருகிற பிள்ளைகள் தடித்த மூன்றாம் கம்பியோடு மல்லுக்கட்டுவதைக் கண்டார். மெல்லிய செட் செய்து தரும்படி பெரிய கொம்பனியைக் கேட்டார், அவர்கள் மாட்டோம் என்றார்கள். 1962இல் ‘ஸ்லிங்கி’ என்று தானே விற்கத் தொடங்கினார். அதற்கு முதல் வளைத்து வாசிக்க ஆசைப்பட்டவர்கள் பான்ஜோக் கம்பியைக் களவாகக் கொண்டுவந்து கிற்றாரில் மாட்டினார்கள்.

தடித்த கம்பிதான் ஆம்பிளைக் கம்பி என்று நம்பியிருந்த பில்லி கிபன்ஸின் கிற்றாரை பி.பி. கிங் ஒருநாள் வாங்கி வாசித்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டாராம். கிபன்ஸே சொல்கிற கதை இது. அந்த மனுசன் இப்போது 7ஆம் இலக்கத்தில் நிற்கிறார்! மறுகரையில் ஸ்ரீவி ரே வோன் 13ஐப் போட்டு அரைச் சுரம் இறக்கி வாசித்தவர். பேர்மிங்ஹாம் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த ரோனி அயோமிக்கு மெல்லிய கம்பி விருப்பமல்ல, தேவை. பிறகு அதையும் சுருதி இறக்கினார். அந்த இருண்ட சத்தத்தில் இருந்துதான் ஹெவி மெற்றல் வந்தது.

“சரி, இலக்கம் விளங்கிட்டுது. கொம்பனி?”

“அதை அராலிக் காத்திட்டைத்தான் கேக்கோணும்.”

பகிடி இல்லை. கடல்நீரேரி கூப்பிடு தூரம். காற்றில் உப்பு, கையில் வேர்வை, நடுச்சாமத்தில் பனி. கம்பியோ உருக்கு. மின்கிற்றாரின் காந்தம் இரும்பைத்தான் கேட்கும், ஆதலால் துருப்பிடிக்காத பித்தளைக்கு மாறவும் வழியில்லை. எனவே கொம்பனிக் கேள்வி இங்கே துருக் கேள்வி. எலிக்சர் கம்பிக்கு மேல் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். அதைச் செய்கிற கோர் நிறுவனம்தான் கோர்ரெக்ஸ் மழைச்சட்டைத் துணியையும் செய்கிறது. கம்பிக்கே மழைச்சட்டை! பூச்சு விரலுக்கு வழுக்குகிறது என்பவர்களும் உண்டு. விலையும் கூட. ரொறன்ரோ மாமா வருகிற வருடம் எலிக்சர், மற்ற நாளில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிற டடாரியோ அல்லது எர்னி போல். இதுதான் இவனுடைய பிராண்ட் கொள்கை.

இன்றைக்கு டடாரியோ. பொதியைக் கிழித்துத் துவாயில் கொட்டினான். கம்பி முனைக் குண்டுமணிகள் ஆறும் ஆறு நிறம்: பித்தளை, சிவப்பு, கறுப்பு, பச்சை, ஊதா, வெள்ளி. மின்சாரம் போனாலும் ரோர்ச் வெளிச்சத்தில் எது எந்தக் கம்பி என்று பிழைக்காது. 2022 பங்குனியில் 13 மணித்தியாலம் கறன்ற் நின்ற நாட்டில் இது சின்ன உபகாரமோ? 1823இல் அமெரிக்க மிஷன் இந்த ஊருக்குப் பாதிரிமாரை அனுப்பி செமினறி தொடங்கியது. இருநூறு வருடம் கழித்து அமெரிக்கா நிறமணி கோத்த கம்பி அனுப்புகிறது. மதம் மாறியவர்கள் இந்த முறைதான் கூட!

பேஸ் கிற்றார்காரரின் இரகசியம் இன்னும் மோசம். அவருடைய கம்பி விலை கூடியது, அடிக்கடி மாற்றக் கட்டாது. ஆகவே பழசைக் கழற்றிக் கொதிநீரில் அவிப்பார். சுற்றுக்குள் அடைந்த அழுக்கும் எண்ணெயும் கழன்று சத்தம் கொஞ்ச நாளைக்குத் திரும்பி வரும். “புட்டுப் பானையிலோ?” என்று கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

கம்பியில் குறை பிடிக்கிற இந்த வியாதி அமெரிக்காவில் இருந்து வந்ததென்று நினைத்துவிடாதீர்கள். சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு யாழ்ப் போட்டிக்கு வந்த சீவகன், கொண்டுவந்த யாழ்களை எல்லாம் தள்ளிவிடுகிறான். மரம் பழுது என்கிறான், நரம்புக்குள் மயிர் கிடக்கிறது என்று பிரித்தே காட்டுகிறான். ஆயிரம் வருடத்துக்கு முந்திய பெறாமகன்! ஊருக்கே யாழின் பெயரை வைத்தவர்கள் கம்பியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைக்காவிட்டால்தான் புதினம்.

கடைசிக் கம்பி. துளைக்குள் விட்டு, இரண்டு மூன்று சுற்றுக்கு அளவாகத் தளர்வு விட்டு முறுக்கினான். பிறகு ஒவ்வொரு கம்பியையும் கட்டையில் இருந்து தூக்கித் தூக்கி இழுத்தான். புதுக் கம்பி இப்படி இழுபடாவிட்டால் மேடையில் நின்று சுருதி இறங்கிக்கொண்டே போகுமாம். இழுத்தான், ரியூனரைப் பார்த்தான், முறுக்கினான். நாலாம் தரம் ஊசி அசையவில்லை. வெளியே கைதட்டல். மேளக் கச்சேரி முடிந்தது. “வாறன் சித்தப்பா!” ஆள் மேடையில்.

முதல் பாட்டின் இடையிசையில் அந்த ஊதாக் குண்டுமணிக் கம்பியை ஒரு இழுவை இழுத்தான் பாருங்கள். முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த கிழவர் தலையை ஒருக்கால் ஆட்டினார். இங்கே அதற்கு மேல் ஒரு பரிசு கிடையாது.

விடியப்புறம் வீட்டுக்கு வந்து கழற்றின கம்பிகளைக் குப்பைக்குள் போடப் போனேன். மனுசி பறித்தா.

“சின்னக் கம்பியைத் தாங்கோ. காஸ் அடுப்பிலை ஓட்டை அடைச்சால் குத்த.”

“ஒன்பது இருந்தால் காணாதோ?”

“அது வளையுமப்பா. பதின்மூண்டு உள்ளுக்குப் போகாது. பத்துத்தான் சரி.”