அர்ஜுனன் வராத நாளில் அல்லி என்ன செய்வாள்?

ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டிய ஒரு கேள்வி

அம்மா சொன்னதுதான் சட்டம் என்று நடக்கிற வீட்டைப் பார்த்து, "இங்கே அல்லி ராஜ்யம்தான்!" என்று கிண்டல் செய்வது நம் வழக்கம். யார் அந்த அல்லி? மதுரையை ஆண்டவள், அர்ஜுனனின் மனைவி என்று பாட்டிகள் சொல்வார்கள்.

வியாச பாரதத்தைப் புரட்டிப் பாருங்கள். அல்லி என்ற பெயரே இருக்காது. அர்ஜுனன் மணந்த சித்திராங்கதையின் சாயல் அவளிடம் கொஞ்சம் உண்டு. மற்றபடி அவள் முழுக்க முழுக்கத் தமிழ்நாட்டுப் படைப்பு. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'அல்லி அரசாணி மாலை', பெரிய எழுத்துப் புத்தகமாகத் தலைமுறை தலைமுறையாக விற்றது. நாடகமாக, கூத்தாக ஊர் ஊராகச் சுற்றியது.

ஏற்கெனவே உலகமே அறிந்த ஒரு கதை. அதற்குள் தன் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார் ஒருவர். கேட்டவர்களும் "அப்படி ஒருத்தி இல்லையே" என்று சண்டைக்கு வரவில்லை. நம்பிவிட்டார்கள்!

இன்றைக்கு இதற்குப் பெயர் ஃபேன் ஃபிக்‌ஷன். பிடித்த நாவல், படம், சீரியல் என்று எதையாவது எடுத்துக்கொண்டு ரசிகர்களே அதன் கதையைத் தொடர்ந்து எழுதுவது. அதில் மூலக்கதையில் இல்லாத, ரசிகரே உருவாக்கிச் சேர்க்கும் ஆளை 'ஒரிஜினல் கேரக்டர்' என்பார்கள். செல்போனிலேயே எழுதி, செல்போனிலேயே படிக்கப்படும் இந்தக் கதைகளில் பெரும்பாலும் சறுக்குவது இந்தப் புது ஆளிடம்தான்.

கல்கி காட்டிய வழி

தமிழில் இப்படித் தொடரத் தூண்டிய கதைகளில் முதலிடம் 'பொன்னியின் செல்வ'னுக்குத்தான். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடராகத் தொடங்கிய கதை அது. அதன் தொடர்ச்சியாக விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரண்டு படங்களும் வந்த பிறகு, புத்தகத்தைத் தொடாத பிள்ளைகளுக்கும் வந்தியத்தேவனும் குந்தவையும் வீட்டு மனிதர்கள் ஆகிவிட்டார்கள்.

கல்கியே இந்த வேலையைச் செய்தவர்தான். வரலாறு அவருக்குக் கொடுத்தது கொஞ்சம். வந்தியத்தேவனின் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறது. ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகிய மூவரும் கல்கியின் கற்பனை. இன்று வாசகர்களிடம் கேட்டால், கல்வெட்டில் இருப்பவர்கள் யார், கல்கி படைத்தவர்கள் யார் என்று பிரித்துச் சொல்லத் தடுமாறுவார்கள்.

எப்படி நம்ப வைத்தார்? பூங்குழலியை எடுத்துக்கொள்ளுங்கள். கோடிக்கரையில் கலங்கரை விளக்கம் காக்கும் குடும்பத்துப் பெண். சொந்தமாகப் படகு ஓட்டுவாள். கடல் அவளுக்குப் பழக்கம், மனிதர்கள்தான் சிக்கல். வந்தியத்தேவன் வந்து சேர்வதற்கு முன்பே அவளுக்கு ஒரு வாழ்க்கை நடந்துகொண்டிருக்கிறது. அவன் இலங்கைக்குப் போக வேண்டும் என்று வந்து நிற்கும்போது, கதை அவள் வாழ்க்கைக்குள் நுழைகிறது. அவள் கதைக்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை.

அல்லியும் அப்படித்தான். பகைவனை வென்று அரியணை ஏறியவள். நாட்டை ஆள்கிறவள். கல்யாணமே வேண்டாம் என்பவள். அர்ஜுனன் மதுரைப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டாலும், மறுநாள் காலையில் அவளுக்குத் தர்பார் உண்டு.

ஆக, புதுப் பாத்திரத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: கதாநாயகன் வராத நாளில் இவள் என்ன செய்வாள்? பதில் இல்லையென்றால், அவள் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம்.

மேரி சூவும் கேலியும்

உலகம் முழுக்க ரசிகர் கதைகளில் அடிபடும் ஒரு பெயர் மேரி சூ. 1973ல் அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் ரசிகர் இதழ் ஒன்றில் பாலா ஸ்மித் ஒரு குட்டி நையாண்டிக் கதை எழுதினார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூ. வயது பதினைந்தரைதான். ஆனால் எல்லாவற்றிலும் கெட்டிக்காரி. கப்பலில் இருப்பவர்கள் எல்லாம் அவளைக் கொண்டாடுவார்கள். அவள் இறந்தால் அத்தனை பேரும் அழுவார்கள். அந்தக் காலத்து ரசிகர் கதைகளில் இப்படிப்பட்ட நாயகிகள் குவிந்து கிடந்ததைக் கிண்டல் செய்யத்தான் அதை எழுதினார்.

அன்றிலிருந்து, எழுதுகிறவரே வேஷம் கட்டி வந்ததுபோல் தெரியும் எல்லாம் வல்ல பாத்திரத்துக்கு 'மேரி சூ' என்பதே பெயராகிவிட்டது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. முதல் கதை எழுதுகிற பதினைந்து, பதினாறு வயதுப் பெண், தனக்குப் பிடித்த உலகத்தில் தன்னையே வைத்துப் பார்ப்பது இயல்பு. "இது மேரி சூ" என்று நாலு பேர் சிரித்தால், அவள் கதையை மட்டும் நிறுத்துவதில்லை, எழுதுவதையே நிறுத்திவிடுகிறாள். பையன்கள் எழுதும் எல்லாம் வல்ல வீரனுக்கு இவ்வளவு கேலி விழுவதில்லை.

கேலியை விட்டுவிட்டு அதிலிருக்கும் உண்மையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உங்களையே கதைக்குள் வைப்பதில் தப்பில்லை. ஆனால் உங்கள் ஆசைகளை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் ஊரையும் வேலையையும் கோபத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

திண்டுக்கல்லில் இருந்து ஒருத்தி

அல்லி ஆண்ட மதுரையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம் திண்டுக்கல். அங்கே இருக்கும் ஒரு கல்லூரி மாணவி, பொன்னியின் செல்வன் உலகத்தில் தன் சொந்தப் பாத்திரம் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

பொதுவாக என்ன நடக்கும்? தஞ்சாவூர் அரண்மனையில் குந்தவைக்கு ஒரு புதுத் தோழி கிடைப்பாள். அழகி, வாள் வீசுவாள், பாடுவாள். வந்தியத்தேவன் பார்த்ததும் வாயைப் பிளப்பான். திண்டுக்கல்லுக்கு அதில் வேலையே இல்லை. "நம்ம ஊர்ல கதைக்கு என்ன இருக்கு?" என்ற எண்ணம்தான் காரணம்.

என்ன இல்லை? திண்டுக்கல் பூட்டையே எடுத்துக்கொள்வோம். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு. தகடு வெட்டி, லீவர் வைத்து, சாவியை அரத்தால் ராவி ராவிக் கையாலேயே செய்வார்கள். அலிகாரிலிருந்து மலிவாக வரும் மெஷின் பூட்டுகளோடு மல்லுக்கட்டி நிற்கும் தொழில். இந்தத் தொழிலில் இருப்பவருக்கு ஒரு குணம் வந்துவிடும். எதைப் பார்த்தாலும் 'இது எப்படித் திறக்கும்' என்று மனசு கேட்கும். அடுத்தவர் வீட்டுச் சாவி தன் கையில் பிறப்பதால், வாய் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கும்.

இன்றைய லீவர் பூட்டைத் தூக்கிக்கொண்டு பத்தாம் நூற்றாண்டுக்குப் போக முடியாது. அந்தக் குணத்தைக் கொண்டுபோகலாம். சோழர் கல்வெட்டுகளில் கைவினைஞர் குடியிருப்புக்குக் 'கம்மாணச்சேரி' என்று பெயர். பாறை மலையின் அடிவாரத்தில் அப்படி ஒரு சேரி. அங்கே ஒரு கொல்லர். அவருக்குக் கோட்டைக் கதவுகளுக்குத் தாழ் அடித்துக் கொடுக்கும் வேலை. துருத்தி ஊதிப் பழகிய மகள். பெயர் கோதை என்று வைப்போம். ரித்திகா, அனன்யா என்று வைத்தால் முதல் வரியிலேயே வாசகர் நம் காலத்துக்குத் திரும்பிவிடுவார்.

இப்போது இடமே ஒரு முடிச்சைப் போட்டுத் தருகிறது, பாருங்கள். இது பாண்டிய நாட்டுப் பக்கம். ஆதித்த கரிகாலனுக்குப் பட்டப்பெயரே 'வீரபாண்டியன் தலைகொண்ட' என்பது. தஞ்சாவூர் வாசகருக்கு அது வீரம். கோதைக்கு? தன் அரசனின் தலையைக் கொண்டவன். கல்கியின் கதையில் சதிகாரர்களாக வரும் பாண்டிய ஆபத்துதவிகள், அவளுக்கு ஒருவேளை அண்ணன் முறையாக இருக்கலாம். சோழ நாட்டு ஒற்றனாக வந்தியத்தேவன் அவள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், அவனைப் பார்த்துச் சொக்கிப்போக அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. தண்ணீர் கொடுப்பாளா என்பதே சந்தேகம்.

அரண்மனைத் தோழிக்கு இந்தச் சங்கடம் கிடையாது. கோதைக்கு உண்டு. அதனால்தான் அடுத்த அத்தியாயத்தைப் படிக்கத் தோன்றும்.

குழம்பில் மிளகாய் வேண்டாம்

கோதை அவனுக்குச் சோறு போடுவதாக எழுதினால், குழம்பில் மிளகாயைச் சேர்த்துவிடாதீர்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் மூலம் வந்தவை. சோழர் காலத்தில் காரம் என்றால் மிளகு. புகையிலையும் அப்படியே. திண்டுக்கல் சுருட்டுக்கு எவ்வளவு பெயர் இருந்தாலும் கோதையின் அப்பா அதைப் பிடிக்க முடியாது.

பேச்சும் முக்கியம். தன் சேரியில் அவள் பேசுவது ஒரு மாதிரி; குந்தவை முன்னால் நின்றால் "தேவி" என்றுதான் வாய் வரும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி பேசினால், அவள் எந்த இடத்துக்கும் சொந்தமில்லாதவள் ஆகிவிடுவாள். அதிலும் அவள் கோபக்காரி. மரியாதைச் சொல்லுக்குள்ளேயே அந்தக் கோபத்தை எப்படி வைப்பாள் என்பதில்தான் சுவாரஸ்யம்.

மற்றவர்களைக் குட்டையாக்காதீர்கள்

புதுப் பாத்திரத்தை உயர்த்த எளிய வழி ஒன்று உண்டு. பழைய பாத்திரங்களை முட்டாளாக்குவது. வந்தியத்தேவன் அவசரக்காரன், வாயாடி, வம்பில் மாட்டுகிறவன். ஆனால் மாட்டிய இடத்திலிருந்து பேசியே தப்பிக்கும் கெட்டிக்காரன். கோதை புத்திசாலி என்று காட்டுவதற்காக அவனை மக்காக்கினால், மூலக்கதையை நேசிக்கும் வாசகர் அங்கேயே கதையை மூடிவிடுவார்.

அவன் தன் முழுப் புத்தியோடு வரட்டும். கோதைக்குத் தெரிந்தது ஒன்று அவனுக்குத் தெரியாமல் இருந்தால் போதும். தாழ் எப்படித் திறக்கும் என்பது அவளுக்குத் தெரியும். எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். ஒரு தடவையாவது அவள் தப்புக் கணக்குப் போட வேண்டும். அதற்கான விலையை அவளோ அவள் வீட்டாரோ கொடுக்க வேண்டும். மேரி சூவுக்கு நடக்காதது இது ஒன்றுதான்.

இந்த மண்ணின் சாதாரண மனிதர்கள் கதைக்குள் நிற்பார்களா என்ற சந்தேகம் திண்டுக்கல்காரர்களுக்கு வரவே கூடாது. பக்கத்து வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயர், 1893ல் 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். அதில் வரும் தமிழ் வாத்தியார் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை கதாநாயகன் இல்லை. ஆனாலும் படித்தவர்களுக்கு அவரை மறக்க முடிவதில்லை. அந்த நாவல் ஃபேன் ஃபிக்‌ஷன் அல்ல. ஆனால் ஊர்ப்பெயரை முன்னால் போட்டுக்கொண்டே ஒருவர் இலக்கியத்துக்குள் நடந்து போகலாம் என்று காட்டியது.

அல்லியின் 'வேண்டாம்'

கடைசியாக அல்லியிடமிருந்தே இன்னொரு பாடம். அவள் கல்யாணம் வேண்டாம் என்றாள். கதை அதைக் கேட்கவில்லை. கிருஷ்ணனின் துணையோடு அர்ஜுனன் பாம்பு வடிவில் அவள் அறைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அன்று கைதட்டல் வாங்கிய அந்த இடம், இன்றைய வாசகிக்குக் கசக்கும்.

ஆனாலும் அந்த 'வேண்டாம்' அழியவில்லை. நாம் இன்றும் சொல்லும் 'அல்லி ராஜ்யம்' அவளுடைய கல்யாணத்தை நினைவில் வைக்கவில்லை, ஆட்சியைத்தான் வைத்திருக்கிறது. அவள் கதையிலிருந்து அடுத்த கதையும் பிறந்தது. அவள் மகன் புலந்திரனுக்காகப் பவளம் தேடிப் போகும் அர்ஜுனன், பவளக்கொடியைச் சந்திக்கிறான். அந்தப் 'பவளக்கொடி' 1934ல் படமாகி, எம்.கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ஒரு கற்பனைப் பெண் உறுதியாக நின்றதால் எத்தனை கதைகள்!

அந்தத் தாலிக்கு மறுநாள் காலை அல்லியின் மனதில் என்ன ஓடியிருக்கும்? அவள் பக்கமிருந்து எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அது பொதுச் சொத்து, யாரும் எழுதலாம். கல்கியின் எழுத்தும் நாட்டுடைமை ஆக்கப்பட்டதுதான். இப்போது ஓடும் சீரியல், படம், உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நாவல் என்றால், அனுமதி வாங்காமல் உங்கள் கதையைப் புத்தகமாக்கி விற்கக் கிளம்பாதீர்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு.

இன்று இரவே தொடங்கலாம். கதாநாயகன் பெயரே வராமல், உங்கள் பாத்திரத்தின் ஒரு நாளை இருநூறு வார்த்தைகளில் எழுதுங்கள். காலையில் எதற்காக எழுகிறாள், யாருக்குக் கடன் பாக்கி, எதற்கு "வேண்டாம்" என்பாள்? அந்த இருநூறு வார்த்தைகள் கதையில் வராமலே போகலாம். பரவாயில்லை. வந்தியத்தேவன் அவள் திண்ணைக்கு வரும்போது, அவனை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.