குரலால் நடித்தல்: தொடங்குவது எவ்வாறு?



மேடையிலே நடிகனுக்கு ஒப்பனை உண்டு, உடை உண்டு, கண்ணும் கையும் உண்டு. வானொலி நாடகத்திலோ இவை யாவற்றின் வேலையையும் குரல் ஒன்றே செய்தல் வேண்டும். “குரல் நடிகராக வர விருப்பம், என்ன செய்யலாம் சேர்?” என்று உயர்தர வகுப்பு மாணவர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இதனைத் தமிழாசிரியன் ஒருவனிடம் கேட்பது பொருத்தமானதே. ஏனெனில், குரல் நடிப்பு தொண்டையிலே தொடங்குவதன்று. வாசிப்பிலும் செவியிலும் தொடங்குவது. இக்கருத்தையே இன்று விளக்க முற்படுகின்றேன்.

“எனக்கு நல்ல குரல் இல்லையே” என்பதுதான் பலருடைய முதல் தயக்கம். செய்தி வாசிப்பவரின் கம்பீரக் குரலையே நல்ல குரல் என்று எண்ணுவதால் வரும் தயக்கம் இது. நாடகத்திலே கிழவியும் வருவாள், கடைக்காரரும் வருவார், நோயாளியும் வருவார். எல்லாரும் ஒரே கம்பீரத்தோடு பேசினால் அது நாடகமாகாது. கரகரத்த குரலினால் பேச்சுப் போட்டிகளில் ஒதுக்கப்பட்டு வந்த மாணவி ஒருத்தி, வகுப்பில் நாடகப் பாடம் வாசித்தபோது ஒரு முதியவளின் பேச்சை ஏற்று வாசித்தாள். வகுப்பு முழுவதும் அடங்கிப்போயிற்று. அவளுக்குக் குறை என்று சொல்லப்பட்டதே அப்பாத்திரத்துக்கு நிறைவாயிற்று.

நமது நாட்டின் வானொலி வரலாறும் இதற்குச் சான்று. கொழும்பில் 1925ஆம் ஆண்டு வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. பிற்காலத்தில் ‘சானா’ எனப் பெயர்பெற்ற சண்முகநாதன் தமிழ் வானொலி நாடகத்தை வளர்த்தெடுத்தார். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ தொடர் நாடகம் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை வீடுதோறும் ஒலிக்கச் செய்தது. வானொலியில் வரவேற்புப் பெற்ற ‘கோமாளிகளின் கும்மாளம்’ 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வெளிவந்தது. அதில் நடித்தவர்களை மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயரோடு சேர்த்தே மக்கள் அழைத்தனர். முஸ்லிம் மக்களின் பேச்சு, யாழ்ப்பாணப் பேச்சு, சிங்களச் சாயல் படிந்த தமிழ் என அவரவர் பேசிய பேச்சு வழக்கே அப்பாத்திரங்களின் முகமாக அமைந்தது. கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பிலோ ஒருவரே ஒரு பஸ் நிறையப் பேரை நம் காதுக்கு முன் கொண்டுவந்து நிறுத்தினார். இவர்கள் மனிதர் பேசுவதைக் கூர்ந்து கேட்டவர்கள். ஆகவே, முதற் பயிற்சி கேட்டலே. சந்தையிலும் பஸ்ஸிலும் கோயில் வீதியிலும் மனிதர் எவ்விடத்தில் இழுக்கின்றனர், எவ்விடத்தில் விழுங்குகின்றனர் என்று கவனியுங்கள். மட்டக்களப்பு, மலையகம், மன்னார் என ஒவ்வொரு பகுதியின் பேச்சுக்கும் தனி இசை உண்டு. அதனை உணராது நையாண்டியாகப் பேசுவது நடிப்பாகாது.

இரண்டாவது பயிற்சி மூச்சும் உச்சரிப்பும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலிகளாகப் பிறப்பதை அது விளக்குகின்றது. பரீட்சைக்காக மட்டும் நாம் படிக்கும் அவ்வியல், குரல் நடிகருக்குக் கைந்நூலாகும். வயிறு விரிய மூச்செடுத்து, மெல்ல மெல்ல விட்டுப் பேசப் பழகுங்கள். தொண்டையை இறுக்கிக் கத்தினால் குரல் சில நாளிலேயே கெடும். ல, ள, ழ வேறுபாட்டையும் ன, ண வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் நாள்தோறும் கால்மணி நேரம் உரத்து வாசித்துப் பழகுக. பிழையாகப் பேசும் பாத்திரத்தை நடிப்பதற்கும் சரியான உச்சரிப்பு முதலில் கைவரவேண்டும்.

மூன்றாவது, பிரதியைப் பொருளுணர்ந்து வாசித்தல். “அம்மா நேற்றுப் பருத்தித்துறைக்குப் போனவ” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘அம்மா’வை அழுத்தினால் போனவர் வேறொருவர் அல்லர் என்பது பொருள். ‘நேற்று’ என்பதை அழுத்தினால் இன்றல்ல என்பது பொருள். ஊர்ப் பெயரை அழுத்தினால் வேறிடத்துக்கு அல்ல என்பது பொருள். எழுத்து மாறவில்லை, பொருள் மாறிவிட்டது. எனவே, கையில் கிடைத்த பிரதியை உடனே நடிக்காது, யார், யாரிடம், என்ன நோக்கத்தோடு பேசுகின்றார் என்று கேட்டு, மூச்செடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் மறைப்பது எது என்றும் கேளுங்கள். மௌனமும் குரல் நடிப்பின் ஒரு பகுதியே.

அடுத்து ஒலிவாங்கி. உதட்டுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு சாண் தூரம் இருக்கலாம். நேர் எதிரே பேசாது சற்றுச் சாய்த்துப் பேசினால், பகரம் போன்ற இதழொலிகளில் வரும் காற்று ‘பொத்’தென்று மோதாது. இரகசியத்துக்கு நெருங்கவும், கூப்பிடுவதற்கு விலகவும் வேண்டும். இரண்டடி பின்னே நின்று பேசியவாறு முன்னே வந்தால், நேயர் மனத்தில் ஒருவர் அறைக்குள் நுழைகின்றார். தாள் புரளும் ஓசை கேளாதவாறு பிரதியைப் பிடிப்பதும் பழகவேண்டிய வித்தையே. படங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்போர் இன்னொன்றையும் கவனிப்பர். திரையில் உதடு மூடும்போது ப, ம போன்ற இதழ் எழுத்து வந்தாற்றான் பேச்சுப் பொருந்தும்.

இனி, வாய்ப்புத் தேடும் வழி. ஒன்றரை நிமிட அளவில் மாதிரி ஒலிப்பதிவு ஒன்றைத் தயாரியுங்கள். விவரண வாசிப்பு, விளம்பரம், ஒரு முதியவர், உங்கள் ஊர்ப் பேச்சு என்று நான்கு சிறு துண்டுகள் போதும். இன்று கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். எதிரொலியைக் குறைக்க, துணிகள் நிறைந்த அலுமாரியின் முன்னே நின்று பேசுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சிறந்த துண்டு முதலில் வரட்டும். வானொலி நிலையங்கள், விளம்பர நிறுவனங்கள், ஒலிநூல் தயாரிப்போர், குறும்படம் எடுக்கும் இளைஞர்கள் ஆகியோரை அணுகலாம். பார்வையற்றோருக்காக நூல்களை வாசித்துப் பதிவு செய்வது பயிற்சியும் தொண்டுமாகும்.

தொடக்கத்திலேயே இத்தொழில் சோறு போடும் என்று சொல்வதற்கில்லை. கையிலுள்ள வேலையை விடாது பழகுவதே அறிவுடைமை. இன்னுமோர் எச்சரிக்கை: கணினியால் மனிதக் குரலைப் போலி செய்ய இயலும் காலம் இது. உங்கள் பதிவு எதற்கு, எவ்வளவு காலத்துக்கு, என்ன ஊதியத்துக்குப் பயன்படும் என்பதையும், அதைக்கொண்டு செயற்கைக் குரல் செய்யலாமா கூடாதா என்பதையும் எழுத்திலே பெற்றுக்கொண்ட பின்னரே ஒலிவாங்கியின் முன் நில்லுங்கள்.

இன்றிரவே தொடங்க விரும்புவோருக்கு ஒரு பயிற்சி. “அவர் வரமாட்டார்” என்ற இரு சொற்களை அழுகையாகவும், வெகுளியாகவும், அச்சமாகவும், நகையாகவும், நிம்மதியாகவும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீட்டில் ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். எது எந்த உணர்ச்சி என்று அவர் சரியாகச் சொல்வாராயின், நீங்கள் தொடங்கிவிட்டீர்கள்.